வழி அவனுக்கு, அச்சம் அவளுக்கு

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கோவலன் ஒரு முதிய அந்தணரிடம் மதுரைக்கு வழி கேட்கிறான். உறையூரைக் கடந்தபின் ஒரு சோலையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இளைப்பாறிக்கொண்டிருக்கும் நேரம். கேட்டது வழி. கிடைத்த முதல் பதிலோ வழியைப் பற்றியதல்ல. வேனிலில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரிந்து கிடக்கின்றன, இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண்ணோடு வந்து சேர்ந்திருக்கிறீர்களே என்கிறார் அவர். அதற்குப் பிறகுதான் கொடும்பையின் பெரிய குளத்தைப் பற்றியும், அங்கிருந்து சிவனின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் பாதைகளைப் பற்றியும் சொல்லத் தொடங்குகிறார்.

அந்தக் கொடும்பை இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகே இருக்கும் கொடும்பாளூர். பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று கோயில்களில் இரண்டு மிஞ்சி நிற்கும் ஊர். திருச்சியிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் போகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

இந்தக் காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தணரின் அந்தச் சொல்லில் நான் நின்றுவிடுவேன். பெரியவர் ஒருவரின் கரிசனம் என்று அதை எளிதாகக் கடந்துவிடலாம். எனக்கோ, பெண்ணின் நடையைப் பற்றித் தமிழ்ச் சமூகம் விடாமல் சொல்லிவரும் கண்டனத்தின் பழைய வடிவம் ஒன்று அதில் கேட்கிறது. இந்த வெயிலிலா? மழை இருட்டிக்கொண்டு வரும்போதா? பொம்பளப் பிள்ளைகளை வைத்துக்கொண்டா? மலையேற்றம், கூடாரம், காட்டில் ஓர் இரவு என்று பெண்கள் ஆசையைச் சொல்லத் தொடங்கியதும் கோடை இடியும் சூறைக்காற்றும்தான் அவர்கள் முன்னால் முதல் வாதமாக வைக்கப்படுகின்றன. அந்த வாதம் வானிலையைப் பற்றியதுதானா என்று இலக்கியத்தை வைத்தே பார்க்க விரும்புகிறேன்.

அகப்பாடல்களில் மழையும் இடியும் மலைப்பாதையும் சந்திக்கும் இடம் இரவுக்குறி. தலைவன் நள்ளிரவில் மலை இறங்கி வருகிறான். யானை உலவும் வழி, புலி பதுங்கும் புதர், பெருகி ஓடும் காட்டாறு, வழுக்கும் பாறை, மின்னல் வெளிச்சம் தவிர வேறு வெளிச்சமில்லாத இருட்டு. இவற்றையெல்லாம் தோழியோ தலைவியோ வரிசையாகச் சொல்லி, இந்த வழியில் இனி வராதே என்கிறார்கள். வராதே என்பதன் பொருள், திருமணம் செய்துகொள் என்பது. இத்தகைய கூற்றுக்கு ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’ என்று துறைப் பெயர் உண்டு. ஆறு என்றால் வழி. வழியைப் பார்த்து அவள் கொண்ட பயம். தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு உரியவையாக வகுத்திருப்பதால், துறைப் பெயரும் அதோடு கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. வழியில் நடப்பவன் அவன். பயப்படுகிறவள் அவள்.

பெயரை எடுத்துவிட்டுப் பாடல்களை மட்டும் படித்தால் வேறொன்று தெரியும். எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்தப் பாறையில் கால் நிற்காது என்றெல்லாம் அந்தப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பகலெல்லாம் கிளி ஓட்டியவர்கள், அருவியில் ஆடியவர்கள், மேகம் எந்தக் குன்றில் முதலில் இறங்குகிறது என்று பார்த்துப் பழகியவர்கள் சொல்லும் சொற்கள் இவை. மலையை அறிந்தவள் எச்சரிக்கிறாள், அறிந்தும் கேளாமல் வருகிறான் ஒருவன். இலக்கணம் அவன் செயலுக்குக் காதலின் ஆற்றல் என்ற மதிப்பைத் தருகிறது. அவள் அறிவுக்கு அச்சம் என்று பெயரிடுகிறது. வானிலை அறிவு பெண்ணின் வாயிலிருந்து வரும்போது பயமாகிவிடும் இந்தப் பெயர்மாற்றத்தை நம் உரைமரபு கேள்வி கேட்டதில்லை.

பாலைத் திணைக்கு வந்தால் பெண்ணே நடக்கிறாள். உடன்போக்கில் தலைவி தலைவனோடு கோடைக் காட்டைக் கடக்கிறாள். எதிரே வருகிறவர்கள் அவன் காலில் கழலையும் அவள் காலில் சிலம்பையும் பார்த்து இரங்குகிறார்கள். அவளைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்பவள் அவள் பின்னால் வரும் செவிலி. வளர்த்த மகளைத் தேடி, துணையில்லாமல், வேனிற்காலத்துச் சுரத்தில் நடந்துவரும் வயதான பெண். தமிழின் மிகப் பழைய கவிதைகளில் வெயிலும் வறட்டுக் காற்றுமான காட்டில் தனியாக நடப்பவள் இளம்பெண் அல்ல, இந்தச் செவிலிதான். குறுந்தொகையின் 44ஆம் பாடலில் அவள் கால்கள் தளர்ந்துவிட்டன, பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்துவிட்டன. எழுதியவர் வெள்ளிவீதியார். அந்த வெள்ளிவீதியாரைப் போலத் தானும் கிளம்பிப் போய்விட விரும்புவதாக அகநானூற்றின் 147ஆம் பாடலில் ஔவையார் தலைவி ஒருத்தியைப் பேச வைக்கிறார். நடந்த பெண் ஒருத்தி, அவளை முன்மாதிரியாகச் சொல்லும் இன்னொருத்தி. பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒரு நடைவரலாறு இந்த இரண்டு பாடல்களுக்கு இடையே இருக்கிறது.

செவிலிக்கு என்ன பதில் கிடைக்கிறது? கலித்தொகையின் பாலைக்கலியில் அவள் முக்கோல் அந்தணர்களிடம், இப்படி இருவர் போனதைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். கூடவே, மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்குப் பயன்படாது, கடலில் பிறந்தாலும் முத்து கடலுக்குப் பயன்படாது, மகளும் அப்படித்தான், திரும்பிப் போ என்று அறிவுரை சொல்கிறார்கள். அழகான உவமைகள். நானே இவற்றைச் சொல்லி மாணவிகளை நெகிழச் செய்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை. அதற்கு அங்கே விடையில்லை. காட்டில் நிற்கும் பெண்ணுக்குத் திசைக்குப் பதிலாக அறம் தரப்படுகிறது.

இப்போது கண்ணகிக்கு வருவோம். புகாரிலிருந்து இவர்கள் கிளம்பியது இந்திர விழாவுக்குப் பின். இந்திர விழா சித்திரையில். மதுரை எரிந்ததோ ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமியில். ஆக, காப்பியத்தின் பெருநடை முழுக்கக் கோடையில் நிகழ்கிறது. பயணத்துக்குக் கவுந்தியடிகள் எடுத்துக்கொள்பவை ஒரு பிச்சைப் பாத்திரம், தோளில் ஒரு துணி, கையில் மயிற்பீலி. இன்றைய மலையேற்றக்காரர்கள் முதுகுப்பையின் எடையைக் கிராம் கணக்கில் குறைப்பதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இந்தச் சமணத் துறவியின் ஞாபகம் வரும். மூவரில் வழிநடைக்குத் தயாராக வந்தவர் அவர் ஒருவர்தான்.

கண்ணகி இந்தப் பயணத்தில் தனித்துப் பேசும் இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவற்றுள் முதலாவது ஒரு கேள்வி. சற்றுத் தூரம் நடந்த உடனேயே, மதுரை எங்கே இருக்கிறது என்று கணவனிடம் கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டு, ஆறைங்காதம், பக்கம்தான் என்கிறான். ஆறைங்காதம் என்றால் ஆறு ஐந்து முப்பது காதம். ஆறோ ஐந்தோ காதம் என்றும் காதில் விழும். கோவலனின் சிரிப்பில் துயரம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவள் கேட்டது தன் கால்களுக்கான கணக்கை. கிடைத்தது இரண்டு பொருள்படும் ஒரு சொல்.

அதன்பின் வழியைப் பற்றிய எந்தத் தகவலும் அவளை நோக்கிச் சொல்லப்படுவதில்லை. மூன்று பாதைகளை அந்தணர் விவரிக்கும்போது கேட்பவன் கோவலன். வலப்பக்க வழியின் மரங்களும் சிறுமலையும், இடப்பக்க வழியின் வயல்களும் திருமால் குன்றமும், நடுவழியில் மயக்கும் தெய்வமும் என்று அது ஒரு முழுமையான வழித்தட வரைபடம். மறுமொழி சொல்பவர் கவுந்தி. குகைக்குள் போனால் கிடைக்கும் அற்புதங்கள் எங்களுக்கு வேண்டாம், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்று அவர் சுருக்கமாக முடித்துவிடுகிறார். கண்ணகி அருகிலேயே இருக்கிறாள். உரையாடலில் அவள் வானிலையின் ஒரு பிரச்சினையாக, இந்தக் காலத்தில் அழைத்துவரக் கூடாதவளாக மட்டும் இடம்பெறுகிறாள்.

புறஞ்சேரி இறுத்த காதையில் இதே தர்க்கம் இன்னொரு முறை வருகிறது. கதிரவனின் வெம்மையை இவளால் தாங்க முடியாது, இரவில் நிலவொளியில் நடப்போம் என்கிறான் கோவலன். கோடையில் இரவுநடை நல்ல யோசனை. அதற்கு அவன் சொல்லும் ஆதாரம்தான் கவனிக்கத்தக்கது. பாண்டியனின் செங்கோல் காக்கும் நாட்டில் கரடி புற்றைத் தோண்டாது, புலி மானைத் தாக்காது, பாம்பும் தீங்கு செய்யாது என்கிறான். காடு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. வெயில் கண்ணகியின் கால்களைச் சிவக்க வைத்தது, மூச்சிரைக்க வைத்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. அவர்களைக் கொன்றது செங்கோல்தான். வேனிலில் திரிந்த நிலத்தை முன்பு அந்தணர் எதற்கு உவமித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமைச்சரோடு அரசனும் கோணலாகிப்போன நாடு போல என்றார் அவர். இளங்கோவுக்கு மோசமான வானிலையும் மோசமான ஆட்சியும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இந்த இணைப்பு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

வெயில் தாங்கமாட்டாள் என்று சொல்லப்பட்ட அதே பெண், கணவனை இழந்தபின் மதுரையின் மேற்கு வாயில் வழியே தனியாக வெளியேறுகிறாள். கிழக்கு வாயிலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாயிலில் தனியே போகிறேன் என்கிறாள். இரவா பகலா என்று பாராமல், மேடா பள்ளமா என்று பாராமல், வையைக் கரையோடு நடந்து மலை ஏறுகிறாள். ஆடி மாதம். மேற்கு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம். முதல் நடையில் யார் யார் அவளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்! கோவலன், அந்தணர், கவுந்தி, ஆசிரியரும் கூட. நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை என்று அந்த நடைக்கு நீண்ட இடம் தரப்பட்டது. வழியின் ஒவ்வொரு பூவும் பறவையும் பதிவாயின. துணையற்ற இரண்டாம் நடைக்குக் கட்டுரை காதையின் கடைசியில் சில வரிகள். வானம் எப்படி இருந்தது, எங்கே தங்கினாள், என்ன தின்றாள், ஒன்றுமில்லை. பதினான்காம் நாள் வேங்கை மர நிழலில் நின்றவளைக் குன்றக் குறவர்கள் பார்க்கிறார்கள், தெய்வமாக்குகிறார்கள்.

ஆணோடு நடந்தால் அவள் பாரம். தனியாக நடந்தால் தெய்வம். நடப்பவளாக, வழி தெரிந்தவளாக, களைத்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து மறுபடி எழுந்து நடக்கிற சாதாரண மனுஷியாக இருக்க அவளுக்குக் காப்பியத்தில் இடமில்லை. சிலப்பதிகாரத்தின்மீது எனக்குள்ள பெரிய விமரிசனம் இது.

கண்ணகி ஏறியதாக நம்பப்படும் மலை இன்றைய தேனி மாவட்டத்தில், கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கிறது. மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்துக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று திறக்கிறது. பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுகிறவர்களில் குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் உண்டு, கைத்தடி ஊன்றிய பாட்டிகள் உண்டு. உச்சிக் கோடையில், எந்த மாலையும் இடிமழை இறங்கக்கூடிய காலத்தில் ஏறுகிறார்கள். அங்கே யாரும் அவர்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. பக்தி என்ற அனுமதிச்சீட்டு கையில் இருக்கிறது.

அதே தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கினார்கள். அன்றும் சிகிச்சை பலனின்றிப் பின்னரும் இறந்தவர்கள் 23 பேர். சென்னையிலிருந்து வந்த குழுவில் பெரும்பாலோர் பெண்கள். மகளிர் நாளையொட்டி ஏற்பாடான பயணம் அது. காய்ந்த புல்லில் பற்றிய தீயைக் காற்று விரட்டிக்கொண்டு வந்தது. அனுமதியின்றிச் சென்றார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. அந்த வாரம் டீக்கடையிலும் பேருந்திலும் பேராசிரியர்கள் ஓய்வறையிலும் நான் கேட்ட வாக்கியம் ஒன்றுதான். இந்தக் காலத்தில் பொண்ணுங்களை அழைத்துக்கொண்டு மலைக்கா? காடுகாண் காதையின் அந்தணர் குரல் மாறவே இல்லை.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள் வேறு. மலையில் தீ இருக்கிறதா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் மேலே இருந்தவர்களுக்கு அது எப்படிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்? வழிகாட்டி எத்தனை பேருக்கு ஒருவர்? தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஏறுவதற்கு முன்னால் பயிற்சி உண்டா? இவை நிர்வாகத்தின் கேள்விகள். ஏன் போனார்கள் என்பது ஒழுக்கத்தின் கேள்வி. ஒழுக்கக் கேள்வியை உரக்கக் கேட்டால் நிர்வாகக் கேள்வி காதில் விழாது. குரங்கணிக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. வழிகாட்டிகளில் மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞர்களும் உண்டு. இது சரியான திசை. வழி சொல்லும் வேலையை அரசு ஏற்றுக்கொண்டதற்கான அடையாளமாக இதைப் பார்க்கிறேன்.

மலையில் பேரிடர் பெண்களைத் தேடி வருவதில்லை. ஜப்பானின் ஜுன்கோ தாபெய், பெண்களுக்கென 1969இல் ஒரு மலையேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். 1975 மே மாதத் தொடக்கத்தில் எவரெஸ்ட் சரிவில் அவருடைய கூடாரத்தைப் பனிச்சரிவு மூடியது. உடனிருந்தோர் அவரைத் தோண்டி எடுத்தார்கள். 12 நாள் கழித்து, மே 16 அன்று, எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண் ஆனார். 1984 மே மாதம் பச்சேந்திரி பாலின் முகாமையும் நள்ளிரவில் பனிச்சரிவு தாக்கியது. தலையில் அடிபட்டும் அவர் தொடர்ந்தார், மே 23 அன்று உச்சியில் நின்றார். இவ்விருவரின் மனவலிமையை மெச்சிப் பேசுவது வழக்கம். எனக்கு அவர்களுடைய குழு முக்கியமாகப் படுகிறது. தோண்டி எடுக்க ஆள் இருந்தது, மருந்து இருந்தது, அடுத்த முடிவைத் தாமே எடுக்கும் உரிமையும் இருந்தது. நிழலில் நின்று தெய்வமாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இமயத்திலிருந்து எங்கள் ஊருக்கு இறங்குகிறேன். புதுக்கோட்டையில் உயர்ந்த மலை கிடையாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று மொட்டைப் பாறைக் குன்றுகள்தான். கோடைமழையில் இவை லேசானவை அல்ல. சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கப் பாறை சூடேறும். தரையை ஒட்டிய சூடான ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்ந்து, பிற்பகலில் மேகமாகத் திரளும். முதலில் ஒரு புழுக்கம், இலை அசையாத அமைதி. பிறகு திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். அந்தக் குளிர்காற்று மேகத்திலிருந்து கீழே கொட்டியது என்பதால், அது முகத்தில் பட்டால் இடி வந்துவிட்டது என்று பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று எண்ணினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மொட்டைப் பாறையின் உச்சி, தனி மரத்தடி, குளத்தங்கரை, பாறைக் குடைவின் வாசல், எதுவும் பாதுகாப்பு அல்ல. நல்ல கட்டடமோ கதவு மூடிய காரோ பேருந்தோதான் இடம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் வெளியே வரக் கூடாது.

இதில் பாதியை நான் நூல்களிலிருந்து அறிந்தேன். மீதிப் பாதியை நார்த்தாமலையில் ஆடு மேய்த்த ஒரு பெண்ணிடமிருந்து. முதுகலை மாணவிகளோடு விஜயாலய சோழீச்சுரம் பார்க்கப் போயிருந்தோம். வானம் எங்களுக்கு வெளுப்பாகத்தான் தெரிந்தது. “மேக்க கருக்கிட்டு வருது ஆத்தா, பாறையில நிக்காதீக, எறங்குங்க” என்றார். எப்படிம்மா தெரியும் என்று ஒரு மாணவி கேட்டாள். “ஆடு மேல ஏற மாட்டேங்குதுல்ல” என்றார். நாங்கள் அடிவாரத்துப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வானம் கிழிந்தது. அந்த அம்மா சொன்னதை யாரும் அச்சம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே வார்த்தைகளை ஒரு தோழியின் வாயில் வைத்து வெண்பாவாக்கியிருந்தால் நாம் துறை வகுத்திருப்போம்.

எங்கள் மாவட்டத்தில் கோடை இடியின் கீழே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நூறு நாள் வேலையில் கண்மாய்க்குள் மண் வெட்டுகிறவர்கள். தமிழகத்தில் இந்த வேலைக்கு வருவோரில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் பெண்கள். கடலை பறிக்கிறவர்கள், முந்திரி பொறுக்குகிறவர்கள், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு ஆடுகளோடு வானத்தின் கீழ் படுக்கிற குடும்பங்கள். வயலில் மின்னல் தாக்கிப் பெண்கள் இறந்த செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரியாக வந்து போகும். ஏன் இந்தக் காலத்தில் பெண்களை வேலைக்கு வரச் சொன்னீர்கள் என்று எந்தப் பெரியவரும் கேட்டதாக நான் படித்ததில்லை. அவர்கள் ஒதுங்க ஒரு கட்டடம் உண்டா என்றும் யாரும் கேட்பதில்லை. புளியமரத்தடிதான் ஒதுங்கும் இடம். மின்னல் எச்சரிக்கைக்கென்றே புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. அதைத் தாங்கும் கைபேசி பெரும்பாலும் வீட்டு ஆணின் சட்டைப் பையில்.

ஆக, பெண் புயலில் நிற்பதில் இந்தச் சமூகத்துக்கு ஆட்சேபம் கிடையாது. கூலிக்காக நிற்கலாம், நேர்த்திக்கடனுக்காக நிற்கலாம். தன் விருப்பத்துக்காக நிற்கும்போதுதான் மேகம் கருக்கிறது. மலையேற்றம் பற்றிய பெண்ணியப் பேச்சு இந்த மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். நகரத்துப் பெண்ணின் கூடார உரிமையை மட்டும் பேசி, கண்மாய்க்குள் நிற்கிறவளுக்குக் கூரை கேட்காவிட்டால், நம் பேச்சும் மூன்று பாதைகளை ஒருவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன அந்தணரின் பேச்சுதான். சாதியும் வர்க்கமும் இதில் இருக்கின்றன. முதுகுப்பை மாட்டியவளின் களைப்பு சாகசம் ஆகிறது, சாந்துச்சட்டி சுமப்பவளின் களைப்பு வெறும் வேலை ஆகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு மலைக்காட்டு முகாம் நடந்தது. மாணவிகளுக்கு அதே வாரம் உள்ளரங்கில் ஆளுமை மேம்பாட்டு வகுப்பு. காரணம் கேட்டதற்கு, மழை வரலாம் மேடம் என்றார்கள். மாணவர்களுக்கு வேறு மழையா என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் இதே மாவட்டத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அதில் இருந்தார்கள். கேலிகள் இருந்தன. இயக்கம் அவர்களுக்குத் தைரியம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போகவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, சைக்கிள் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு செய்தது. தைரியம் அவர்களிடம் முன்பே இருந்தது.

வானிலையைப் படிப்பதும் சைக்கிள் ஓட்டுவது போன்ற ஒரு திறன். பள்ளியில் கற்றுக்கொடுக்கலாம், மகளிர் குழுவில் கற்றுக்கொடுக்கலாம், நூறு நாள் வேலைத்தளத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போதே அன்றைய இடிமழை எச்சரிக்கையை வாசிக்கலாம். தமிழ்த்துறையிலும் கற்றுக்கொடுக்கலாம். இப்போதெல்லாம் காடுகாண் காதையை நான் வரைபடத்தை விரித்துவைத்துத்தான் நடத்துகிறேன். உறையூர், கொடும்பாளூர், சிறுமலை, அழகர்மலை, மதுரை. கோடையில் எந்த நேரம் நடக்கலாம், எங்கே தண்ணீர், இடி வந்தால் எங்கே ஒதுங்குவது என்று மாணவிகளே குறிக்கிறார்கள். விராலிமலைப் பக்கத்து மாணவிகள் எனக்குத் தெரியாத ஊருணிகளை எல்லாம் குறிக்கிறார்கள். அந்தணரின் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு மற்ற வாக்கியங்களைக் கண்ணகியிடம் நேராகச் சொல்லச் சொன்னால், காதையில் ஒரு மரம்கூட மாற வேண்டியிருக்காது.

மதுரை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டது சலிப்பில் அல்ல என்றே நான் வாசிக்கிறேன். நடக்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு, மீதி எவ்வளவு. முப்பது காதம் என்று அவன் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.